மாரி காலத்தில் விண்டோஸ் அப்டேட்: வன்னியிலிருந்து ஒரு மதிப்பீடு

விண்டோஸ் அப்டேட் சேவையைப் பற்றி எழுதப்படும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை தடையில்லா மின்சாரமும் அளவற்ற இணையமும் உள்ள வீட்டை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. புதுக்குடியிருப்பிலோ ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ இருப்பவர்களின் நிலைமை வேறு. இங்கு பல வீடுகளில் இணையம் என்பது சிம் போட்ட ரவுட்டர் அல்லது கைபேசியின் ஹொட்ஸ்பொட். டேட்டா பார்த்துப் பார்த்துச் செலவழிக்கவேண்டியது. கணினி படுத்துவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏறவேண்டும். புதுக்குடியிருப்பில் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் கணினிகளைப் பராமரிப்பவன் என்ற வகையில், இந்தச் சூழலுக்கு அச்சேவை எவ்வளவு தோதானது என்பதையே இங்கு எடைபோடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொஞ்சம் பிந்திப் பெறச் சம்மதிப்பவருக்கு இது நம்பகமான சேவை, முந்திக்கொள்பவருக்கு அப்படியல்ல.

ஆனால் பிந்திப் பெறலாம் என்பதில் மாதாந்தப் பாதுகாப்புப் புதுப்பிப்பை மற்றவற்றிலிருந்து பிரித்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, எமது நேரப்படி இரவு 10.30 அல்லது 11.30 மணியளவில், மைக்ரோசொப்ட் இதை வெளியிடுகிறது. சில நாட்கள் பொறுக்கலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் வனாக்ரை என்ற தீநிரல் எந்த ஓட்டையால் நுழைந்ததோ, அதை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளிவந்திருந்தது. ஆனால் மாதக் கடைசியில் ‘ப்ரிவியூ’ என்ற அடைமொழியுடன் வருவது கட்டாயமானதல்ல. அதில் உள்ளவை அடுத்த மாதத்துச் செவ்வாய்க்கிழமைப் பொதியில் எப்படியும் சேர்ந்து வரும் என்பதால், அதற்காக டேட்டாவைக் கரைப்பதில் பொருளில்லை. புதியவை கிடைத்தவுடனேயே தமக்குத் தரும்படி கேட்கும் ஒரு பொத்தான் விண்டோஸ் 11 இன் அப்டேட் பக்கத்திலேயே உள்ளது. எங்கள் நிலையத்துக் கணினிகள் எல்லாவற்றிலும் அது அணைக்கப்பட்டிருக்கிறது.

ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்பில்தான் நிதானம் மிகவும் தேவைப்படுகிறது. 2018 ஒக்டோபர் 2 இல் வெளியான விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு, சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிடுவதாக முறைப்பாடுகள் வந்ததையடுத்து நான்கே நாட்களில் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்றே மீண்டும் வெளிவந்தது. அந்த நான்கு நாட்களில் அது கிடைத்தது தானாகக் காத்திருந்தவர்களுக்கல்ல, புதுப்பிப்பு உண்டா என்று தாமாகப் பொத்தானை அழுத்தித் தேடியவர்களுக்கே. இன்று மைக்ரோசொப்ட் கட்டங்கட்டமாக விநியோகிக்கிறது; ஏதேனும் ஒரு வன்பொருளோடோ மென்பொருளோடோ பிணக்கு இருப்பது தெரிந்தால், அந்த வகைக் கணினிகளுக்குப் பதிப்பை அனுப்பாமல் தடுத்து வைக்கிறது. பக்கத்துக் கணினிக்கு வந்துவிட்டதே, எமக்கு வரவில்லையே என்று, முழுப் பதிப்பும் அடங்கிய நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை இறக்கி வலிந்து நிறுவுபவர் அந்தத் தடுப்பைத் தாண்டிப் போகிறார் என்பதை உணர்வதில்லை.

இதில் எமது பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. அண்மைய ஆண்டுப் பதிப்புகள் செப்டெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ வந்திருக்கின்றன: விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு ஒக்டோபர் முதலாம் திகதி, 25எச்2 செப்டெம்பர் 30. வன்னியில் அதற்கு அடுத்த வாரங்கள் பின்நேர இடியும் மின்னலும் மின்வெட்டும் தொடங்கும் காலம். உயர்தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் கணினியை அதிகம் நாடும் காலமும் அதுதான். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், வானம் இருட்டியிருக்கும் நான்கு மணிக்குப் பெரிய பதிப்பை நிறுவத் தொடங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். இடையில் மின்சாரம் நின்றால் விண்டோஸ் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் எப்போதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதல்நாளே கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுத்து, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் இயங்கும் கணினியானால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, காலை வேளையில் தொடங்குவதே எங்கள் வழக்கம். புதிய பதிப்பு ஒத்துவராவிட்டால் 10 நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பும் வசதி பொதுவாக உண்டு. அதுவரை, பழைய பதிப்பு இருக்கும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறையை, இடம் பிடிக்கிறதே என்று எவரும் அழித்துவிடக் கூடாது.

டேட்டா விடயத்தில் இச்சேவைக்கு என்னால் முழு மதிப்பெண் தர முடியாது. இறக்கப்போவது எத்தனை ஜீபீ என்பதைத் தொடங்குமுன் அது தெளிவாகச் சொல்வதில்லை. ஐந்து ஜீபீ பொதி வாங்கி வைத்திருக்கும் வீட்டுக்கு இது சிறிய குறையல்ல. வைஃபை இணைப்பை ‘மீற்றேர்ட்’, அதாவது டேட்டா அளவோடு செலவிடவேண்டியது, என்று குறித்துவிட்டால் பெரும்பாலான இறக்கங்கள் நின்றுவிடும். பிறகு இரவு டேட்டா கிடைக்கும் நேரத்தில் நாமே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். அதிகம் பேசப்படாத நல்ல வசதி ‘டெலிவரி ஒப்டிமைசேஷன்’: ஒரே ரவுட்டரில் உள்ள கணினிகளில் ஒன்று இறக்கிய துண்டுகளை மற்றவை அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். பகிர்வை உள்ளூர் வலையமைப்புக்கு மட்டும் என்று தேர்ந்தெடுப்பது முக்கியம். இல்லையேல் முன்பின் தெரியாதவர்களின் கணினிகளுக்கும் நமது டேட்டாவிலிருந்து பதிவேற்றம் போகக்கூடும். கணினிகள் வரிசையாக இருக்கும் கல்வி நிலையத்துக்கு இந்த ஒரு வசதிக்காகவே இச்சேவையைப் பாராட்டுவேன்.

இணையம் குறைவான ஊரில் பென்டிரைவ் வியாபாரம் தழைப்பது இயல்பு. இன்னும் வெளிவராத பதிப்பு தம்மிடம் இருப்பதாகவும், சீரியல் கேட்காது என்றும் சொல்லிப் பென்டிரைவ் நீட்டிய கடை ஒன்றை நான் அறிவேன். 2021 ஜூனில், அறிவிப்புக்கு முன்பே விண்டோஸ் 11 இன் ஒரு முன்பதிப்பு கசிந்தது. அதே பெயரைச் சூட்டி உலவிய 1.75 ஜீபீ நிறுவல் கோப்பில் தீநிரல் பொதிந்திருந்ததை அடுத்த மாதமே கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கை வெளிப்படுத்தியது. கோப்பின் பருமனை மட்டும் பார்த்து அது உண்மையானது என்று நம்பக் கூடாது. மைக்ரோசொப்ட்டின் தளத்தில் ஐஎஸ்ஓ கோப்புக்கு எதிரே, அதன் கைரேகை போன்ற ஷா-256 எண் தரப்பட்டிருக்கும்; விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ‘கெற்-ஃபைல்ஹாஷ்’ கட்டளையைக் கொடுத்தால் நம்மிடம் உள்ள கோப்பின் 64 எழுத்து எண் வரும். இரண்டும் ஓரெழுத்தும் பிசகாமல் பொருந்தவேண்டும். பென்டிரைவ் தருபவர் இதைச் செய்து காட்டத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

முன்பதிப்பைப் பார்க்க ஆவலுள்ளவருக்கு ‘விண்டோஸ் இன்சைடர்’ என்ற முறையான வழி உண்டு. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் தம்மிடம் உள்ள இரண்டாவது கணினியில் அதைப் பரீட்சிப்பதை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அதன் மிக ஆரம்பகட்டச் சோதனைத் தடங்களிலிருந்து வெளியேறப் பெரும்பாலும் எல்லாவற்றையும் துடைத்து மீள நிறுவவேண்டியிருக்கும். வீட்டில் இருப்பது ஒரே லப்டொப் என்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

விண்டோஸ் 10 இற்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. எமது பகுதியில் ஓடும் பல பழைய லப்டொப்களில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு இல்லை, அல்லது புரொசஸர் மைக்ரோசொப்ட் ஏற்கும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. தடையை ஏமாற்றி 11 ஐப் போட்டுத்தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசொப்ட் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. விண்டோஸ் 10 இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இல் உள்ளவர்களுக்கு, மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்புப்பிரதி செய்தால், 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பணமின்றிப் பெறும் வழி அறிவிக்கப்பட்டது. அதற்கான இணைப்பு அப்டேட் பக்கத்திலேயே தென்படும். புதிய கணினிக்குக் காசு சேர்க்கும் குடும்பம் எதற்கும் முன் அந்த இணைப்பைத் தேடிப் பார்க்கட்டும்.