விறகடுப்பு இன்சர்ட்டும் ராக்வூலும்: சில குளிர்காலங்கள் எரித்துப் பார்த்த பிறகு

கனடாவின் ஒண்டாரியோவில் பழைய வீடுகளில் செங்கல் ஃபயர்பிளேஸ் பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டியே இருக்கும். அதற்குள் இன்சர்ட்டை, அதாவது கதவு வைத்த இரும்பு விறகடுப்பைத் தள்ளிவிட்டால் வீடு சூடாகிவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. எங்கள் வீட்டில் முதல் குளிர்காலம் முழுக்க, புகைபோக்கிச் சுவரோரம் விழுந்த பனி மட்டும் கரைந்து புல் தெரிந்தது. காசு கொடுத்து வாங்கிய விறகில் தோட்டமும் குளிர் காய்ந்திருக்கிறது!

நிலைமையை மாற்றியது ஒரு தகடுதான். அதில் 6 அங்குல ஸ்டீல் லைனர் (புகைபோக்கிக்குள் போகும் குழாய்) நுழைய ஓட்டை வெட்டி, டேம்பர் (புகைவழியை மூடும் தட்டு) இருந்த இடத்தில் வைத்து மீதி வாயை அடைத்தோம். இடுக்குகளில் அதிக வெப்பம் தாங்கும் சீலன்ட், மேலே ராக்வூல். பின்சுவரிலும் ராக்வூல் வைத்தோம், ஆனால் மேனுவல் அனுமதிக்கும் இடத்தில் மட்டும். இன்சர்ட்டின் விசிறிக்குக் காற்று போகும் வழியை அடைத்தால் எல்லாம் வீண். ராக்வூல் கல்லை உருக்கி இழுத்த பஞ்சு, 1000 டிகிரி செல்சியஸிலும் உருகாது. மலிவு என்று ரோஸ் நிறக் கண்ணாடிப் பஞ்சுக்குப் போகாதீர்கள். காகிதம் ஒட்டியது என்றால் அடுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள். முதல் சில முறை எரித்தபோது பஞ்சிலுள்ள பசை கருகி நாற்றம் வந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தோம், பிறகு வரவில்லை.

அடுத்தது வெட் (WETT) ஆய்வு, அதாவது விறகடுப்பு பாதுகாப்பாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று சான்று பெற்றவர் வந்து பார்ப்பது. இங்கே இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பது இதைத்தான். நகராட்சி பெர்மிட் தனிக் கதை. வந்தவர் கையில் டேப்போடு, விறகடுப்பு பொருத்துவதற்கான கனடாவின் சிஎஸ்ஏ பி365 விதிகளையும் எங்கள் மேனுவலையும் வைத்துச் சரிபார்த்தார். கதவுக்கு முன்னால் 18 அங்குலம், பக்கங்களில் 8 அங்குலம் எரியாத தரை இருக்கிறதா, ஃபயர்பிளேஸுக்கு மேலுள்ள மேன்டல் பலகை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அடுப்பின் சான்றுத் தகடு எங்கே, லைனர் எந்தத் தரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீடு எவ்வளவு சூடாகிறது என்பது அவர் கவலை இல்லை. மூடிய பிறகு பஞ்சும் தகடும் கண்ணுக்குத் தெரியாதே! அடைப்பதற்கு முன் எடுத்த படங்களும், ராக்வூல் பாக்கெட்டின் லேபிளும்தான் காப்பாற்றின. படம் இல்லாவிட்டால் இன்சர்ட்டை மறுபடி வெளியே இழுத்திருக்க வேண்டும். அந்த எடையை இரண்டாம் முறை தூக்க யாரையும் கூப்பிட முடியாது.

இப்போது சுவரோரம் பனி அப்படியே கிடக்கிறது. விசிறிச் சத்தம் மட்டும் இன்னும் எரிச்சல்தான். சுத்தம் செய்ய வருபவர் அடுப்புக்குள் தீக்கு மேலே இருக்கும் பேஃபிள் தடுப்புப் பலகையைக் கழற்றி, லைனருக்குள் பிரஷ்ஷை விட்டுக் கரியை எடுக்கிறார். தகட்டையோ பஞ்சையோ தொட வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.