மாதம் ஒரு ஊசி: கெசிம்ப்டா பேனா எப்படி?

கெசிம்ப்டா, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயாளிகள் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசி மருந்து; உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய் அது. இந்த மருந்து வரும் பேனாவில் அழுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. மூடியை அம்புக்குறி காட்டும் பக்கம் திருகி எடுத்து, தோலில் செங்குத்தாக வைத்து அழுத்தினால் ஊசி தானாக இறங்கும். ஊசிமுனை கண்ணில் படாது. கை நடுங்குகிறவர்களுக்கும், ஊசியைப் பார்த்தாலே வியர்த்துப்போகிறவர்களுக்கும் இது பெரிய வசதி. வம்பு அடுத்த நொடியில்தான். அழுத்தியதும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டால் போச்சு. அது மருந்து இறங்கத் தொடங்கியதற்கான சத்தம். இரண்டாவது 'டிக்' வந்தால் ஏறக்குறைய முடிந்தது என்று பொருள். அதற்குப் பிறகும் பொறுத்திருந்து, பேனாவில் உள்ள சின்ன ஜன்னலைப் பச்சைப் பட்டை முழுக்க நிரப்பி, அசைவு நின்றதும்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

முன்கூட்டியே எடுத்தால் பாதுகாப்பு உறை இறங்கி ஊசியை மூடிவிடும். அதே பேனாவை மறுபடி குத்த முடியாது, மீதி மருந்து வீண். உள்ளே எவ்வளவு போனது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. ஈடுகட்டுகிறேன் என்று இன்னொரு பேனாவை எடுத்துப் போடக் கூடாது; மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும்.

இந்தப் பேனாவைப் பயன்படுத்துகிறவர்கள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் என்பதை வடிவமைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். எம்.எஸ்.ஸில் பார்வை நரம்பு அழற்சி சகஜம். அது வந்துபோன கண்ணுக்கு நிறங்கள் வெளிறித் தெரியும். அப்படிப்பட்டவருக்கு 'பச்சையைப் பார்' என்பது பலவீனமான அடையாளம். பட்டை நகர்வது நின்றதா என்று கவனிப்பதும், இரண்டு சத்தங்களை எண்ணுவதும் அவருக்குப் பத்திரமான வழி. தொடையில் உணர்ச்சி மரத்திருந்தால் ஊசி ஏறியதே தெரியாது. வலிக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூடியைத் திருக விரல் பலம் வேண்டும். பிடி தளர்ந்தவர்களுக்கு வீட்டில் ஒருவர் உதவ வேண்டியிருக்கும். மூடியை எடுத்த 5 நிமிடத்துக்குள் ஊசியைப் போட்டாக வேண்டும் என்பதால், சுத்தம் செய்வது, உட்காருவது எல்லாம் முடிந்தபின் மூடியில் கை வைத்தால் போதும்.

இனி உள்ளே இருக்கும் சரக்கு. ஒரு பேனாவில் 0.4 மி.லி. திரவம், அதில் 20 மி.கி. ஒஃபாட்டுமுமாப். எதிர்ப்பு சக்தியின் படையில் ஒரு வகையான, சிடி20 என்ற அடையாளம் கொண்ட பி அணுக்களைத் தேடி அழிக்கும் எதிர்ப்புப் புரதம் இது. புது மருந்து என்று நினைக்க வேண்டாம். ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்செர்ரா என்ற பெயரில் 2009-லேயே வந்தது. அங்கே நரம்பு வழியாக 2,000 மி.கி. வரை ஏற்றினார்கள். எம்.எஸ்.ஸுக்குத் தோலடியில் 20 மி.கி. போதும். பி அணுக்களை ஒழித்தால் எம்.எஸ். அடங்கும் என்பதை, இதே போல சிடி20-ஐக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை வைத்து 104 பேரிடம் காட்டிய ஹெர்மீஸ் ஆய்வு வெளியானது 2008-இல். அதற்குத் தலைமை வகித்த ஸ்டீபன் ஹவுசர்தான் ஒஃபாட்டுமுமாபின் ஆஸ்க்ளெபியஸ் ஆய்வுகளுக்கும் தலைமை. அமெரிக்க அனுமதி 2020 ஆகஸ்டில் கிடைத்தது.

ஆஸ்க்ளெபியஸ் 1, 2 இரண்டிலும் சேர்த்து 1,882 பேர். எதிர்த்தரப்பு, தினம் 14 மி.கி. டெரிஃப்ளுனோமைட் மாத்திரை. எல்லோருக்கும் ஊசியும் உண்டு, மாத்திரையும் உண்டு. ஒன்று நிஜம், மற்றது போலி. இப்படிச் செய்தால் யாருக்கு எது என்று ஊகிப்பது கடினம். முதல் ஆய்வில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரி ரிலாப்ஸ் (நோய் திடீரென மறுபடி தாக்குவது) ஒஃபாட்டுமுமாப் தரப்பில் 0.11, மாத்திரைத் தரப்பில் 0.22. இரண்டாவதில் 0.10, 0.25. அதாவது ஏறக்குறைய நான்கைந்து ஆண்டுக்கு ஒரு ரிலாப்ஸ் என்ற விகிதம், ஒன்பது பத்து ஆண்டுக்கு ஒன்று என்றாகிறது. எம்.ஆர்.ஐ.யில் வித்தியாசம் இன்னும் பெரிது. சாயம் ஏற்றி எடுத்த படத்தில் ஒளிரும் புதுப் புண்கள், மாத்திரைத் தரப்போடு ஒப்பிட்டால் 97, 94 சதவீதம் குறைவு.

இந்த எண்களைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கைதட்டக் கூடாது. டெரிஃப்ளுனோமைட் இந்த நோய்க்கான மருந்துகளில் மிதமான பலம் கொண்டது. மிதமான எதிராளியை இரண்டு மடங்கு முந்துவது வேறு, வலுவான எதிராளியை முந்துவது வேறு. இதே குடும்பத்து ஓக்ரெலிசுமாபின் ஓபெரா ஆய்வுகளில் எதிர்த்தரப்பு இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ என்ற வேறொரு மருந்து. ஆகவே இரண்டு விளம்பரத் தாள்களின் சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இதுதான் மேல்' என்பது வீண் வேலை.

ஊனம் கூடுவதிலும் பலன் உண்டு, ஆனால் அடக்கமாக. மூன்று மாதம் நீடித்து உறுதியான சரிவு 10.9 சதவீதம் பேருக்கு, மாத்திரைத் தரப்பில் 15.0 சதவீதம். மூளை சுருங்கும் வேகத்தில் புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. போன சக்தி திரும்பி வருவதிலும் அப்படியே. ரிலாப்ஸைக் குறைக்கிற மருந்து இது. ரிலாப்ஸ் இல்லாமல் உள்ளுக்குள் மெல்ல அரிக்கும் பகுதிக்கு இதனிடம் பெரிய பதில் இல்லை. ஆரம்பத்திலிருந்தே படிப்படியாக மோசமாகும் முதன்மை வகை எம்.எஸ்.ஸுக்கு இதற்கு அனுமதியும் இல்லை. அந்த இடத்தில் ஆய்வு ஆதாரம் உள்ளது ஓக்ரெலிசுமாபுக்கு.

இன்னொரு நுணுக்கம்: ஆஸ்க்ளெபியஸில் போட்டது பேனா அல்ல, மருந்து நிரப்பிய சாதாரண சிரிஞ்ச். பேனாவில் போட்டாலும் ரத்தத்தில் அதே அளவு சேர்கிறதா என்று பார்த்தது ஆப்லியஸ் என்ற தனி ஆய்வு. 284 பேர், 12 வாரம், வயிற்றிலும் தொடையிலும். இரண்டும் சமம் என்று வந்தது. சாதனத்தை மாற்றினால் இப்படித் தனியாகச் சோதிப்பதுதான் ஒழுங்கு.

அட்டவணையில் ஒரு பொறி இருக்கிறது. 0, 1, 2 ஆகிய வாரங்களில் ஒவ்வொன்று. மூன்றாவது வாரம் கிடையாது. நான்காவது வாரம் ஒன்று. பிறகு மாதம் ஒன்று. வாராவாரம் போட்டுவந்த வேகத்தில் மூன்றாவது வாரமும் பேனாவை எடுத்துவிட வாய்ப்பு அதிகம். பேனாவுக்கு நினைவகம் எதுவும் இல்லை, தேதியை நாம்தான் குறித்துவைக்க வேண்டும். மாத ஊசிக்கு ஒரே தேதியை வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. மறந்துபோனால் அடுத்த தேதிவரை காத்திராமல் நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அதிலிருந்து இடைவெளியை எண்ண வேண்டும்.

வைக்கும் இடம் 2 முதல் 8 டிகிரி வரை, அட்டைப் பெட்டியோடு. பிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துபோகலாம்; உறைந்த பேனா குப்பைக்குத்தான். வெளியே 30 டிகிரிக்குள் ஒரே ஒரு முறை 7 நாள் வரை தாங்கும், திரும்ப பிரிட்ஜில் வைத்தால் மேலும் 7 நாள்தான். போடுவதற்கு 15 முதல் 30 நிமிடம் முன்பே வெளியே எடுத்துவைத்து, தானாகக் குளிர் விட வேண்டும். வெந்நீரில் அமிழ்த்துவது, குலுக்குவது இரண்டும் வேண்டாம். ஜன்னலில் திரவம் தெளிவாகவோ லேசாக மங்கியோ இருக்கலாம். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ போடக் கூடாது. சிறு காற்றுக்குமிழி இருந்தால் பரவாயில்லை. இடம்: தொடையின் முன்பக்கம், அல்லது தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி அடிவயிறு. மேல்கையின் வெளிப்பக்கம் வேறொருவர் போட்டால் மட்டும்.

முதல் ஊசிக்குப் பிறகு 24 மணி நேரத்துக்குள் காய்ச்சல், குளிர், தலைவலி, உடல்வலி வரலாம். ஆய்வில் ஊசி தொடர்பான இத்தகைய எதிர்வினை 20 சதவீதம் பேருக்கு. போலி ஊசி போட்டவர்களிலும் 15 சதவீதம் பேர் இதையே சொன்னார்கள்! அடுத்தடுத்த ஊசிகளில் இது நன்றாகக் குறைந்துவிடும். சளி, தொண்டைக் கமறல் போன்ற தொற்றுகள்தான் நீடிக்கும் தொல்லை.

தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம். அந்தக் கிருமி உடலில் செயல்பாட்டில் இருந்தால் இந்த மருந்தே கூடாது. ரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் புரதங்களின் அளவும் பார்த்து, பிறகு அவ்வப்போது, முக்கியமாக அவற்றில் ஒரு வகையான ஐஜிஎம் குறைகிறதா என்று கண்காணிக்க வேண்டும். உயிருள்ள தடுப்பூசி என்றால் 4 வாரம் முன்பு, மற்றவை முடிந்தவரை 2 வாரம் முன்பு. பார்வை நரம்பும் தண்டுவடமும் கடுமையாகத் தாக்கப்பட்டிருந்தால், இது எம்.எஸ்.தானா, அதைப் போலவே தோன்றும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிக்கா என்ற வேறு நோயா என்று அக்வாபோரின்-4 எதிர்ப்புப் புரதச் சோதனையால் தெளிந்துகொண்டு தொடங்குவது நல்லது. அந்த நோய்க்கு மருந்துப் பட்டியலே வேறு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவமனையில் ஏற்றிக்கொள்ளும் ஓக்ரெலிசுமாபா, மாதாமாதம் வீட்டில் இந்தப் பேனாவா என்று தயங்குகிறவர்கள், நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் எடுக்கலாம். ஒஃபாட்டுமுமாபை நிறுத்தியபின் பி அணுக்கள் திரும்ப நடுத்தரக் கணக்கில் 24 வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஓக்ரெலிசுமாபுக்குப் பிறகு 72 வாரம். குழந்தை பெறத் திட்டமிடுகிறவர்களுக்கும், அடிக்கடி தொற்று வந்து மருந்தை நிறுத்த நேரிடுகிறவர்களுக்கும் இந்த இடைவெளி பேனாவின் பக்கம் சாய்கிறது. அப்போதும் கடைசி ஊசிக்குப் பிறகு 6 மாதம் கருத்தடை தேவை. ஊசி தேதியை நினைவில் வைப்பது சிரமம் என்றோ, வீட்டில் உதவிக்கு ஆள் இல்லை என்றோ இருந்தால் ஆறு மாத மருந்தே மேல்.