செம்மஞ்சள் பையில் வந்த ‘72 மணி நேர’ அவசரப் பொதி: வாங்கியவர்கள் உடனே திறந்து பாருங்கள்

‘4 பேருக்கு 72 மணி நேரம்’ என்று வெளியே அச்சடித்த செம்மஞ்சள் பை. வீட்டுக்கு ஒன்று, காருக்கு ஒன்று எனச் சோடியாகக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் விற்றார்கள். உங்கள் வீட்டில் அது இருந்தால் முதலில் போய் அதற்குள் இருக்கும், காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வந்தால் கத்த வேண்டிய அலாரத்தை வெளியே எடுத்து வையுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். எங்கள் வீட்டில் காற்றில் நஞ்சு ஏறியபோது அந்த அலாரம் வாயே திறக்கவில்லை.

நாங்கள் இருப்பது பேரி நகரின் வடக்குப் பக்கம். 2024 குளிர்காலம் தொடங்க முன்னர் இந்த விளம்பரம் முகநூலில் தமிழில் வந்தது. நம்மவர் ஒருவர் நடத்தும் சின்ன வியாபாரம். ஆளின் பெயரையோ கடையின் பெயரையோ நான் இங்கே எழுதவில்லை, முறைப்பாடு இன்னும் நடக்கிறது. போனில் பேசியபோது மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். “அக்கா, அரசாங்கம் சொல்லுற எல்லாச் சாமானும் இதுக்குள்ள இருக்கு. நீங்க ஒண்டையும் தேடித் திரிய வேண்டாம்” என்றார். வீட்டுப் பை 189 டொலர், கார்ப் பை 89 டொலர். வீட்டில் வயதான மாமி இருக்கிறா, மகள் இருக்கிறாள், இவர் இரவு வேலை செய்பவர். அந்த விலை பெரிதாகத் தெரியவில்லை.

2025 மார்ச் 28ஆம் திகதி தொடங்கி மூன்று நாளாகப் பெய்த உறைமழை இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரிலியா, பீற்றர்பரோ, கவார்த்தா ஏரிகள் பக்கம் என்று லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் இல்லை. ஒரிலியா நகரம் அவசரநிலை அறிவித்தது. எங்கள் தெருவில் இரவு முழுக்க மரக்கொப்புகள் முறிந்து விழும் சத்தம் கேட்டது. ரொறன்ரோ ஆட்களுக்கு 2013 டிசம்பரில், கிறிஸ்மஸ் நேரம் வந்த ஐஸ் புயல் தெரிந்திருக்கும். அதே மாதிரித்தான். காஸில் ஓடும் ஃபேர்னஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: காஸ் வந்துகொண்டிருந்தாலும், சூட்டை வீட்டுக்குள் தள்ளும் விசிறிக்கும் நெருப்பு மூட்டும் பலகைக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் சூடும் போய்விடும்.

சரி, பையைத் திறந்தோம்.

தண்ணீர் சின்னச் சின்ன வெள்ளிப் பக்கற்றுகளில் இருந்தது. ஒன்று 125 மில்லிலீற்றர், மொத்தம் 24 பக்கற். கூட்டிப் பார்த்தால் 3 லீற்றர். நாலு பேருக்கு மூன்று நாளைக்கு 3 லீற்றர்! கனடா அரசாங்கத்தின் ஆலோசனை ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் 2 லீற்றர், சமைக்கவும் கழுவவும் இன்னும் 2 லீற்றர். குடிக்கிற கணக்கை மட்டும் எடுத்தாலே 24 லீற்றர் வேண்டும். இது பிழையாக எண்ணி வைத்த பை இல்லை, தெரிந்தே வைத்த அளவு. 24 என்ற எண்ணிக்கையைப் பார்த்ததும் நிறைய இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சாப்பாடு என்று ஒரு கட்டி பிஸ்கற் வைத்திருந்தார்கள். உறையில் 2400 கலோரி என்று போட்டிருந்தது. நாலு பேருக்கு மூன்று நாள் என்று பிரித்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 கலோரி. இரண்டு துண்டு பாணுக்குக் கொஞ்சம் மேல். அந்த உறையில் ‘2028’ என்று ஒரு வெள்ளை ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. ஒரு மூலை கொஞ்சம் எழும்பி நின்றதால் மகள் நகத்தால் சுரண்டினாள். கீழே உறையிலேயே அச்சடித்த திகதி 2021. பிறகு தண்ணீர்ப் பக்கற்றுகளையும் ரோச் லைற் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே ஸ்ரிக்கர், அடியில் அதே பழைய திகதி. ரோச் லைற் எங்களுடையது. பையில் வந்ததன் பற்றரி கசிந்து, உள்ளே இருந்த ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது.

கையால் சுற்றி இயக்கும் ரேடியோவைச் சுற்றச் சுற்ற உள்ளே பல்லுச்சக்கரம் வழுக்கியது, சத்தம் வரவில்லை. செல்போன் கோபுரங்களுக்குப் பின்துணையாக இருக்கும் பற்றரி இறங்கினால் போனும் போய்விடும். அப்போது வெளியே என்ன நடக்கிறது என்று சொல்ல மிஞ்சுவது ரேடியோ மட்டும்தான், அதனால் இதைச் சின்னக் குறையாக என்னால் எடுக்க முடியவில்லை. ‘வெப்பப் போர்வை’ என்ற வெள்ளித் தாள் மடிப்பு விரிக்கும்போதே மடித்த கோட்டில் கிழிந்தது.

இப்போது கார்ப் பை. பக்கத்து வீட்டு அண்ணையின் கார் ஸ்ராட் ஆகவில்லை. ஒரு காரின் பற்றரியிலிருந்து மற்றக் காருக்குக் கரண்ட் கொடுக்கும் ஜம்பர் கேபிள் பையில் இருந்தது. அதை இவர் எடுத்துக்கொண்டு போனார். பார்க்கத் தடித்த, வலுவான கேபிள், ஒரு விரல் தடிப்பு இருக்கும். போட்டுப் பார்த்தால் கார் ஒரு முனகலோடு நின்றது. கொஞ்ச நேரத்தில் கிளிப் பக்கம் சூடாகி றப்பர் மணக்கத் தொடங்கியது. கழற்றிவிட்டார்கள். அண்ணை மின்வேலை தெரிந்தவர். கத்தியால் நுனியை வெட்டிக் காட்டினார். அந்தத் தடிப்பு முழுக்கப் பிளாஸ்ரிக் உறை. நடுவில் தலைமயிர் போல ஒரு சின்னக் கற்றைக் கம்பி, அதுவும் செம்பு இல்லை, செம்பு பூசிய அலுமினியம். சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது. உறையில் 6 கேஜ் என்று அச்சடித்திருந்தார்கள். 10 கேஜ் கூட வராது என்றார் அண்ணை. கேஜ் எண் குறையக் குறையத்தான் கம்பி தடிப்பு. பூச்சியப் பாகையிலேயே கார் பற்றரி தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கும், மைனஸ் 18இல் பாதிக்கும் மேல். கேபிள் மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான். வாங்கினால் முழுச் செம்பில் 6 அல்லது 4 கேஜ் என்று கேட்டு வாங்குங்கள்.

அதே பையில் பனி அள்ளும் ‘சவள்’ என்று வந்தது மகளின் கடற்கரை விளையாட்டுச் சாமானை விடச் சின்னது. ஐஸ் படிந்த பனியில் ஒரு தரம் குத்தியதும் பிடி வளைந்துவிட்டது. 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோ நடுநகரில் 55 சென்ரிமீற்றர் பனி கொட்டியது, டிவிபி, கார்டினர் என்ற நெடுஞ்சாலைகளில் கார்கள் அப்படியே நின்றுபோயின. அதே வருட டிசம்பரில் எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோவில் பனிப்புயலில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், சிலர் தங்கள் காருக்குள்ளேயே. காருக்குள் அகப்பட்டால் முதல் வேலை, இறங்கிப் புகைக்குழாயை மூடிய பனியைச் சவளால் அள்ளி எறிவது. பிறகு மணித்தியாலத்துக்கு ஒரு பத்து நிமிடம் என்ஜினை ஓட விட்டு, காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். அந்த விளையாட்டுச் சவளால் புகைக்குழாயைத் தோண்டி எடுக்க முடியாது. எடுக்காமல் என்ஜினைப் போட்டால் புகை காருக்குள்ளேதான் வரும்.

இனி அந்த அலாரம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வீடு குளிர்ந்ததும் எல்லோரும் பேஸ்மென்றில் ஒரே அறையில் படுத்தோம். பையில் வந்த அலாரத்தை மாமியின் தலைமாட்டில் மேசையில் வைத்தேன். பொத்தானை அமத்தினால் பீப் அடித்தது, திரையில் 000 காட்டியது. பின்வீட்டுக்காரர் ஜெனரேற்றர் ஓட விட்டிருந்தார். காற்று திரும்பி, அதன் புகை எங்கள் பேஸ்மென்ற் ஜன்னல் இடுக்கால் உள்ளே வந்திருக்கிறது. விடியப்புறம் மேலே படிக்கட்டுப் பக்கம் நாங்கள் முன்பே மாட்டியிருந்த பழைய அலாரம் நான்கு நான்காகக் கத்தத் தொடங்கியது. மாமிக்குத் தலையிடி, எழும்பி நடக்கத் தள்ளாடினா. ஜன்னலுக்குக் கிட்ட, மாமிக்கு இரண்டு அடி தூரத்தில் இருந்த புது அலாரம் அப்போதும் 000.

வெளியே ஓடிவந்து 911 அடித்தோம். வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் தன் கருவியோடு கீழே போய் அளந்தார். அந்தப் புது அலாரத்துக்குப் பக்கத்திலேயே கருவியைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். கருவி எண் காட்டுகிறது, இது 000. அதைக் கையோடு எடுத்து வந்து பின்பக்கத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் சிஎஸ்ஏ முத்திரை இல்லை, யூஎல்சி முத்திரை இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. பொத்தானை அமத்தும்போது பற்றரியும் ஒலிப்பானும் மட்டும்தான் சோதிக்கப்படும், நஞ்சை உணரும் பகுதி உள்ளே இருக்கிறதா என்பதே அதில் தெரியாது என்றார். மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ஒட்சிசன் கொடுத்தார்கள். இப்போது சுகமாக இருக்கிறா.

படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் இந்த அலாரம் கட்டாயம் என்று ஒன்ராறியோ சட்டம் கொண்டுவந்ததற்குக் காரணமே ஒரு குடும்பம்தான். 2008இல் வூட்ஸ்ரொக் நகரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் நால்வரும் இந்த வாயுவால் இறந்தார்கள். மணமில்லை, நிறமில்லை. முத்திரையே இல்லாத அலாரங்கள் இணையக் கடைகளில் விற்கப்படுவதைப் பற்றிக் கனடா சுகாதாரத் திணைக்களம் எச்சரித்தும், பொருட்களைத் திரும்பப் பெறச் சொல்லியும் இருக்கிறது. வெறும் பையை விற்றிருந்தால் காசு மட்டும்தான் போயிருக்கும். இதை விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜெனரேற்றர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் குறைந்தது 6 மீற்றர் தள்ளி வையுங்கள். கராஜுக்குள் வைக்கவே கூடாது, கதவைத் திறந்து வைத்தாலும்.

கரண்ட் வந்த பிறகு வியாபாரிக்கு எடுத்தேன். படங்கள் அனுப்பினேன். “அக்கா, பை திறந்தாச்சு, இனி நான் ஒண்டும் செய்யேலாது. புயல் முடிஞ்ச உடன எல்லாரும் பாவிச்சுப்போட்டு இப்பிடித்தான் திருப்பிக் கொண்டு வாறவை” என்றார். திறக்காமல் எப்படித் தம்பி பாவிப்பது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். ஸ்ரிக்கரைப் பற்றிக் கேட்ட செய்திக்கு இன்றுவரை பதில் இல்லை. முகநூலில் நான் போட்ட கருத்தை அழித்து, என்னையும் தடுத்துவிட்டார்.

‘திறந்தால் திருப்பி எடுக்க மாட்டோம்’ என்று பில்லில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விவரம் சொல்லி விற்ற பொருளின் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குள் நீங்கள் இரத்துச் செய்யலாம். எழுத்தில், திகதியோடு அனுப்புங்கள். நான் அனுப்பினேன், பணம் வரவில்லை. அதன் பிறகு கிரெடிற் காட் கொடுத்த வங்கியிடம் போனேன். ஸ்ரிக்கருக்கு மேலும் கீழும் எடுத்த படம், வெட்டிய கேபிளின் படம், விளம்பரத்தின் படம் மூன்றையும் கேட்டு வாங்கி, வீட்டுப் பையின் காசைத் திருப்பிப் போட்டார்கள். கார்ப் பை இன்னும் விசாரணையில் இருக்கிறது.

வங்கிக் கணக்கிலிருந்து நேரே இணையத்தில் பணம் அனுப்பும் ஈ-ட்ரான்ஸ்பர் செய்தால் 10 டொலர் குறைவு என்று அவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். எங்கள் கோயிலுக்கு வரும் இரண்டு குடும்பங்கள் அப்படித்தான் கட்டினார்கள். மற்றப் பக்கம் ஏற்றுக்கொண்ட ஈ-ட்ரான்ஸ்பரை வங்கி திருப்பி எடுத்துத் தராது. அவர்களுக்கு இப்போது இருக்கும் வழி மாகாண நுகர்வோர் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுப்பதும், தேவைப்பட்டால் சிறுகோரிக்கை நீதிமன்றமும்தான். நாங்கள் மூன்று குடும்பமும் முறைப்பாடு கொடுத்துவிட்டோம். அலாரத்தைப் பற்றிக் கனடா சுகாதாரத் திணைக்களத்துக்குத் தனியாக அறிவித்தேன். அதற்கு இணையத்தில் படிவம் இருக்கிறது, யாரும் நிரப்பலாம்.

அந்தப் பை உங்களிடம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பில், உறை, ஸ்ரிக்கர் ஒட்டிய பக்கற்றுகள் எல்லாவற்றையும் படம் எடுத்து, முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். அலாரத்தை மட்டும் பற்றரியைக் கழற்றி வேறாக வையுங்கள், வீட்டில் வேறு யாரும் அதை நம்பி எடுத்து மாட்டிவிடக் கூடாது. அதன் இடத்துக்கு முத்திரை உள்ள ஒன்றை இன்றைக்கே கடையில் கையால் எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.