420 டாலருக்கு ‘நியாய விலை’ முத்திரை: ஸ்கின் வாங்குவோர் கவனத்திற்கு

கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினி விளையாட்டில் ஏகே-47 துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின் ஒன்றுக்கு 420 டாலர் நியாய விலை என்று எனக்கு உறுதியளித்த ஓர் இடைத்தரகுத் தளம், அதே ஸ்கின்னை விற்பதற்காக நான் திரும்பிச் சென்றபோது 190 டாலர்தான் நியாய விலை என்று கூறுகிறது. இடையில் அந்த ஸ்கின்னில் ஒரு கீறல்கூடக் கூடவில்லை, கூடவும் முடியாது; எவ்வளவு தேய்ந்த தோற்றம் என்பதைக் குறிக்கும் அதன் தேய்மான எண், ஸ்கின் உருவாகும்போதே நிலைத்துவிடுகிறது. இதுவரை அவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்தவை வழவழப்பான பதில்கள் மட்டுமே. இனி வாங்குவோருக்குச் சில ஆலோசனைகளை இறுதியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. வாங்குபவரின் பணத்தைத் தன்னிடம் நிறுத்தி வைத்து, பொருள் கைமாறிய பிறகு விற்பவருக்கு விடுவித்து, இடையில் 5 சதவீதக் கமிஷன் எடுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது அது. இத்தகைய தளங்கள் பல உள்ளன. இந்தத் தளத்தின் சிறப்பாக அவர்கள் விளம்பரம் செய்வது ‘விலை சரிபார்ப்பு’ என்ற பிரிவைத்தான். வாங்குவதற்கு முன் அங்குள்ள மதிப்பீட்டாளரிடம் கேட்டால், பொருளை ஆராய்ந்து, விலை சரியானது என்றால் அதன் கீழே பச்சை நிறத்தில் ஒரு முத்திரை இடுவார்.

நானும் கேட்டேன். வெறுமனே ‘சரியான விலைதான்’ என்று அவர் கூறியிருந்தால் நான் நகர்ந்திருப்பேன். அவரோ பொறுமையாகக் கணக்கைப் பிரித்துக் காட்டினார். தேய்மான எண் 0.16 என்பதால், 0.15 முதல் 0.38 வரையிலான ‘ஃபீல்டு-டெஸ்டட்’ என்ற தேய்மான வகையில் (எண் குறையக் குறையத் தேய்மானமும் குறைவு) இது மேல்தரம் என்றார்; அந்த எண்ணை நானே சோதித்துப் பார்த்தேன், உண்மையாகவே இருந்தது. இந்த விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் தளத்தில் உள்ள சந்தையில் இதன் விலை 260 டாலர் என்றார்; அதையும் பார்த்தேன், அதுவும் உண்மை. துப்பாக்கியில் ஒட்டப்பட்டிருந்த நான்கு ஸ்டிக்கர்களும் தனித்தனியே 40 டாலர் வீதம் விற்பவை என்றார். அதிலும் பொய் இல்லை. ஆக 260-உம் 160-உம் சேர்ந்து 420. “விற்பவர் முதலில் 480 கேட்டார், நண்பரே, உங்களுக்காக நாங்கள் பேசிக் குறைத்திருக்கிறோம்” என்றும் சேர்த்துக்கொண்டார். முத்திரை விழுந்தது, 420 டாலரைச் செலுத்தினேன்.

சரிபார்க்கக்கூடிய எண்கள் அனைத்தையும் சரியாகக் கொடுத்துவிட்டு, அவற்றைக் கூட்டிய முறையில் மட்டும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் என் கோபத்திற்குக் காரணம். ஸ்டீம் சந்தை விலை ரொக்க விலை அன்று. அங்கே வாங்குபவர் 260 டாலர் கொடுத்தால், ஸ்டீமின் 5 சதவீதமும் விளையாட்டுக்கான 10 சதவீதமும் கழிந்து விற்பவருக்கு ஏறத்தாழ 226 டாலர் சேர்கிறது. அதுவும் ஸ்டீம் வாலட்டுக்குள் இருக்குமே தவிர வங்கிக் கணக்கிற்கு வராது. எடுக்க முடியாத பணத்திற்கும் எடுக்கக்கூடிய பணத்திற்கும் ஒரே மதிப்பு இருக்க முடியாது என்பதால்தான், ரொக்கத்திற்கு விற்கும் தளங்களில் அதே பொருள் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஸ்டிக்கர் கணக்கு இதைவிட மோசம். ஒருமுறை ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டி அழிக்கலாமே ஒழிய, மீண்டும் எடுத்து வேறு துப்பாக்கியில் ஒட்டவோ தனியாக விற்கவோ இயலாது. ஆகையால் ஒட்டிய ஸ்டிக்கருக்குச் சந்தை கொடுப்பது அதன் தனி விலையில் ஒரு சிறு பகுதியையே. அரிய பழைய ஸ்டிக்கர்களின் கதை வேறு, என்னுடையவை அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. நாள்தோறும் இதே தொழிலில் இருக்கும் ஒரு மதிப்பீட்டாளருக்கு இவை தெரியாமல் இருக்க வழியே இல்லை.

வேறு எவரிடமாவது உடனே காட்டி விலையைச் சோதிக்கலாம் என்றால், டிரேடில், அதாவது கணக்குகளுக்கு இடையிலான பரிமாற்றத்தில், வந்த பொருளை 7 நாள்களுக்கு மறுபடி கைமாற்ற முடியாது. அந்தக் கெடு முடிந்து, விளையாட்டிலிருந்து சிறிது காலம் விலகியிருக்கலாம் என்று எண்ணி, வாங்கிய தளத்திலேயே விற்பனைக்கு வைக்கச் சென்றபோதுதான் அந்த 190 என்ற எண்ணைக் கண்டேன். ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது என்று எண்ணி விளக்கம் கேட்டேன். ஒட்டிய ஸ்டிக்கர்களுக்குத் தாங்கள் விலை சேர்ப்பதில்லை என்றும், ஸ்டீம் சந்தை விலையை ரொக்க விலையாகக் கொள்ள இயலாது என்றும் எனக்கே பாடம் எடுத்தார்கள். வாங்குவதற்கு ஒரு படியும் விற்பதற்கு ஒரு படியும் வைத்திருக்கும் வணிகர்கூட இரண்டையும் ஒரே மேசையில் வைத்திருக்க மாட்டார். இந்த 190 டாலருக்கு விற்றாலும் அதிலிருந்து 5 சதவீதக் கமிஷனைக் கழித்துக்கொள்வார்களாம்.

முந்தைய உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட்டுகளை அனுப்பினேன். அதன் பிறகு வந்த பதில்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டின. முதலில் “சந்தை என்றால் ஏற்ற இறக்கம் இருக்கும்” என்றார்கள். 2025 அக்டோபரில் ஐந்து சிவப்புத் தர ஸ்கின்களைக் கொடுத்து, அவற்றைவிட அரிய கத்தியோ கையுறையோ பெறலாம் என்று வால்வ் நிறுவனம் விதியை மாற்றியபோது கத்திகளின் விலை சரிந்ததே, அதற்குப் பெயர் ஏற்ற இறக்கம். என் ஸ்கின் அப்படி எந்த மாற்றத்திற்கும் உள்ளாகவில்லை. ஸ்டீமில் அன்றும் 260, இன்றும் ஏறத்தாழ அதேதான். இதைச் சுட்டிக்காட்டியதும், விலை சரிபார்ப்பு என்பது ‘ஒரு கருத்து மட்டுமே’ என்று தங்கள் விதிமுறையின் அடிப்பகுதியில் எழுதப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. கருத்துக்கு எதற்கு ஐயா முத்திரை என்று கேட்டேன். என் புகாருக்கான டிக்கெட் மூடப்பட்டது. மீண்டும் திறந்தேன், வேறொருவர் வந்து, நடந்ததை முதலிலிருந்து விவரிக்கும்படி கேட்டுவிட்டு, விற்பவரிடம் நேரடியாகப் பேசிக்கொள்ளச் சொன்னார். விற்பவரின் கணக்கோ செய்திகளை ஏற்காதபடி பூட்டப்பட்டிருக்கிறது. கார்டு நிறுவனத்திடம் புகார் அளிப்பேன் என்றதும், அவ்வாறு செய்தால் தளத்தில் உள்ள என் கணக்கையும் இருப்பையும் முடக்கிவிடுவோம் என்று உடனடியாகப் பதில் வந்தது. அதற்கு மட்டும் தாமதமே இல்லை. டிக்கெட் மூடப்பட்ட ஒவ்வொரு முறையும், ‘எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்று ஒரு மின்னஞ்சல் வேறு.

கார்டு நிறுவனத்திடமும் கேட்டுவிட்டேன். விவரித்த பொருளே வந்து சேர்ந்திருக்கிறது, விலை அதிகம் என்பது பணத்தைத் திருப்பித் தருவதற்கான காரணம் ஆகாது என்கிறார்கள். ஸ்டீமிடம் போவதில் பயனில்லை. அந்த 7 நாள் கெடு கடந்தபின், கணக்கை விட்டு வெளியேறிய பொருளையே அவர்கள் மீட்டுத் தருவதில்லை, வெளியே செலுத்திய பணத்திற்கா பொறுப்பேற்பார்கள்? 420 டாலர் கொடுத்த இடத்தில் 190 டாலர் மதிப்புள்ள பொருள் இருக்கிறது; மீதி 230 டாலருக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை.

ஆலோசனை என்று விரிவாக எழுதத்தான் எண்ணியிருந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ரொக்கத்திற்கு உண்மையில் விற்றுமுடிந்த விலைகளை ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் பாருங்கள். ஸ்டீம் விலையை யாராவது ரொக்கக் கணக்கில் சேர்த்தால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். ஒட்டிய ஸ்டிக்கருக்கு முழு விலை போடுபவரிடம் எதையும் வாங்காதீர்கள். பணம் செலுத்தும் முன், அதே பொருளைத் தங்களிடம் விற்க வந்தால் என்ன விலை தருவார்கள் என்று இன்னொரு கணக்கிலிருந்து கேட்டுப் பாருங்கள். இரண்டு எண்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அப்போதே தெரிந்துவிடும். சரிபார்ப்பவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள்: 190 டாலருக்கு விற்றால் தளத்திற்குக் கமிஷன் 9.50 டாலர், 420 டாலருக்கு விற்றால் 21 டாலர். உரையாடல்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மூடப்பட்ட என் முதல் டிக்கெட்டில் மதிப்பீட்டாளரின் அந்தக் கூட்டல் கணக்கு இப்போது காணப்படவில்லை.