பாம்புப் பெட்டிக்கு வாங்கிய 7 பவுண்டு பூட்டு

நகைக்கடைக் கண்ணாடி அலமாரியில் ஒரு சின்ன உருளைப் பூட்டு மாட்டியிருப்பார்களே, பல் பல்லாக வெட்டிய தகட்டின் மேல் தள்ளினால் கிளிக் கிளிக் என்று ஏறி இறுகிக்கொள்ளும், சாவி போடாமல் திரும்ப வராது. அதே பூட்டைத்தான் லண்டனில் என் வீட்டுப் பாம்புப் பெட்டிக்கு மாட்டியிருக்கிறேன். ஒன்று 7 பவுண்டு. வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது, அதனால் தைரியமாக எழுதலாம். பாம்பு வளர்ப்பவர்கள் பெட்டி வாங்கும் அன்றே இதையும் வாங்கிவிடுங்கள்.

முதலில் எங்கள் மஞ்சுவைப் பற்றி. கார்ன் ஸ்நேக் வகை, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது, விஷம் கிடையாது. வளர்ந்தபின் நாலு நாலரை அடி இருக்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருஷம் வாழும். இதை வளர்க்க இங்கே லைசென்ஸ் தேவையில்லை. நாகம், விரியன் மாதிரி விஷப் பாம்புகளுக்குத்தான் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூர் கவுன்சிலிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சாரைப் பாம்புகூட. இதைப் படித்துவிட்டு யாரும் வயலில் பிடித்து வந்துவிடாதீர்கள்.)

கார்ன் ஸ்நேக் சாதுதான், ஆனால் தப்பிப்பதில் கெட்டி. தலை நுழைகிற சந்து கிடைத்தால் போதும். நான் வாங்கியது நாலு அடி மரப்பெட்டி, முன்பக்கம் இரண்டு கண்ணாடிக் கதவுகள் ஒன்றின் மேல் ஒன்று நகரும். விற்ற கடையில் பூட்டு தரவில்லை, கண்ணாடிக்கு நடுவே செருக ஒரு பிளாஸ்டிக் ஆப்பு கொடுத்து "இது போதும்" என்றார்கள். நானும் நம்பினேன்.

அந்த நவம்பரில் ஊரிலிருந்து பெரியம்மா இரண்டு வாரம் தங்க வந்தார். பாம்பு இருப்பதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. மாடி அறையில்தானே இருக்கிறது, கதவைச் சாத்திவைத்தால் அவருக்கு ஏன் தெரியவேண்டும், பயப்படுவாரே என்றுதான் நினைத்தோம். வந்த மூன்றாம் நாள் ராத்திரி பார்த்தால் ஆப்பு தரையில் கிடக்கிறது, கண்ணாடி இரண்டு விரல் அளவுக்கு விலகியிருக்கிறது, பெட்டி காலி.

அப்புறம் சொல்லாமல் முடியுமா. சொன்னேன். பெரியம்மா ஒன்றும் கத்தவில்லை, சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விடியவிடிய அப்படியே உட்கார்ந்திருந்தார். நானும் மனைவியும் எல்லா நிலைப்படியிலும் அரிசி மாவைத் தூவி வைத்தோம், பாம்பு போன வழி தெரிய இது நல்ல உபாயம். காலையில் சமையலறை வாசலில் மாவின் குறுக்கே கோலக் கோடு இழுத்த மாதிரி ஒரு வளைந்த தடம். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கம்ப்ரசர் சூட்டில் சுருண்டு படுத்திருந்தது மஞ்சு.

பாம்பு கிடைத்தது. ஆனால் பெரியம்மா கேட்டதுதான் இன்னும் காதில் இருக்கிறது: "ஏண்டா, வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் உன் தங்கச்சி வீட்டுலயே தங்கியிருப்பேனே. அதை முடிவு பண்ண வேண்டியது நானா, நீயா?" அவருடைய தம்பி, எனக்கு மாமா, தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்பு வயலில் விரியன் கடித்து இறந்தவர். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் சொல்லாமல் மூன்று நாள் அவரை அந்தக் கூரையின் கீழ் தூங்க வைத்தேன். அன்றைக்கே அவர் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார், நான்தான் அவருடைய துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவந்தேன்.

அதே வாரம் வந்ததுதான் இந்தப் பூட்டு. மாட்டுவது சுலபம், டிரில் எதுவும் வேண்டாம். தகட்டின் வளைந்த முனையை உள்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் கொக்கி மாதிரி மாட்டினால் மீதித் தகடு இரண்டு கண்ணாடிக்கும் நடுவே வந்து வெளிக் கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி நீளும், பூட்டை அதில் ஏற்றி அந்த விளிம்பு வரை தள்ள வேண்டும். கடைசிப் பல் வரை தள்ளுங்கள், ஒரு பல் குறைந்தாலும் கதவு ஆடும். பூட்டியபின் இரண்டு கண்ணாடியையும் இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. தகட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் ஆறு மாதத்தில் கழன்று கண்ணாடியில் கீறல் விழுந்தது, நான் வேறு ரப்பர் ஒட்டினேன். இரண்டு பூட்டு வாங்கியதில் ஒரே சாவி இரண்டையும் திறக்கிறது, அதனால் திருடனுக்கு எதிரான பூட்டு என்று நினைக்க வேண்டாம். பாம்புக்கும், ஆர்வத்தில் கைவைக்கும் குழந்தைக்கும் எதிராக இது போதும். முக்கியமாக, இரண்டு கண்ணாடிக்கும் இடையிலுள்ள சந்தை இது அடைக்காது. வளர்ந்த பாம்புக்குப் பரவாயில்லை, பென்சில் பருமன் குட்டி வைத்திருப்பவர்கள் அந்தச் சந்துக்குத் தனியாக ஒரு பட்டை ஒட்டியே ஆக வேண்டும். ஹீட்டர் வயர் போகிற ஓட்டை, காற்றுத் துளை எல்லாவற்றையும் பாருங்கள். 2013இல் கனடாவின் கேம்பல்டன் ஊரில் நண்பன் வீட்டில் தூங்கப்போன இரண்டு சிறுவர்களை ஆப்பிரிக்க ராக் பைத்தான் என்ற மலைப்பாம்பு ஒன்று கொன்றது. கூண்டிலிருந்த காற்றுக் குழாய் வழியாகத்தான் அது வெளியே வந்தது. அது பெரிய பாம்பு, மஞ்சு மாதிரி இல்லை, ஆனால் அந்தக் குழந்தைகள் விருந்தாளிகள் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

பூட்டு வந்தபின் இன்னொரு பழக்கமும் வந்தது. யார் வீட்டுக்கு வருவதாக இருந்தாலும், பாய்லர் பார்க்க வருபவர் உட்பட, முன்கூட்டியே ஒரு மெசேஜ் போகும்: "வீட்டில் ஒரு பாம்பு இருக்கிறது. விஷமில்லை. பூட்டிய பெட்டியில், பூட்டிய அறையில் இருக்கிறது. நீங்கள் கேட்காமல் வெளியே எடுக்க மாட்டோம். வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள், வெளியே சந்திப்போம்." மகளின் தோழிகள் வந்தால் பிள்ளைகளிடம் இல்லை, அவர்களுடைய அம்மா அப்பாவிடம் சொல்கிறோம். ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் தரும் சால்மோனெல்லா கிருமி பற்றியும் சொல்லிவிடுவேன். பாம்பு ஆரோக்கியமாக இருந்தாலும் அந்தக் கிருமி அதனிடம் இருக்கலாம், அதனால் சின்னக் குழந்தைகள் தொடவே கூடாது, பெரியவர்கள் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இதுவரை இரண்டு பேர் வரவில்லை என்றார்கள். ஒருவருடன் பூங்காவில் டீ குடித்தோம், நட்பு அப்படியேதான் இருக்கிறது.

போன வருஷம் பெரியம்மாவுக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே போனில் எல்லாம் சொன்னேன், பூட்டை வீடியோவில் காட்டினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "வர்றேன், ஆனா சாவி என்கிட்டதான் இருக்கணும்" என்றார். பூட்டு ஒன்றுக்கு இரண்டு சாவி வரும். எல்லாச் சாவியையும் அவர் கையில் கொடுத்தேன், சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். தண்ணீர் மாற்ற வேண்டுமென்றால் அவரிடம் கேட்டு வாங்கி, மாற்றிவிட்டு, பூட்டி, திரும்பக் கொடுத்தேன். மூன்று வாரமும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்.