கூரை வேலைக்கு முற்பணம் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்

கூரை போட்டு முடிந்து பதினோராம் நாள் காலையில் எங்கள் கேற்றடியில் மூன்று பேர் வந்து நின்றார்கள். எங்கள் கூரையில் ஏறி வேலை செய்த அதே பிள்ளைகள். மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "அக்கா, குறை நினைக்காதீங்க. முதலாளி எங்கட கூலி இன்னும் தரல்ல. கூரைச் சீட்டைக் கழட்டிக்கொண்டு போகத்தான் வந்தம்."

அந்த முதலாளிக்கு, அதாவது எங்கள் கூரைக் கொந்தராத்துக்காரருக்கு, நான் அதற்கு முன்பே 8 இலட்சம் ரூபாய் கொடுத்து முடித்திருந்தேன்.

வீடு மட்டக்களப்புக் கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில். அம்மா தனியாக இருக்கிறார். 1978 நவம்பர் 23 சூறாவளியில் பழைய கூரை பறந்த பிறகு அப்பா பார்த்துப் பார்த்துப் போட்ட ஓட்டுக்கூரை அது. முதிரை வளை, பாலைக் கைமரம், கலிகட் ஓடு. வளையும் கைமரமும் கல்லுப் போல இருந்தன. கறையான் தின்றது ஓடு தாங்கும் றீப்பைகளைத்தான். ஓடுகளும் நிறைய வெடித்துவிட்டன. ஒவ்வொரு மாரிக்கும் ஆள் ஏற்றி ஓடு மாற்றிக் களைத்துப்போய், இந்தத் தடவை கலர் சீட்டே, அதாவது வர்ணம் பூசிய தகரமே, போட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தோம்.

கொந்தராத்துக்காரரைச் சொந்தக்காரர் ஒருவர்தான் காட்டிவிட்டார். நல்ல பேச்சு. கைபேசியில் பத்துப் பதினைந்து வீட்டுப் படம் காட்டினார். அந்த வீடுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, ஒன்றையாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அளந்து, 1200 சதுர அடி, சதுர அடிக்கு 800, மொத்தம் 9 இலட்சத்து 60 ஆயிரம் என்றார். சீட்டின் தடிப்பு 0.47 மில்லிமீற்றர், அதைத் தாங்கும் பொக்ஸ் பார் இரும்பு மூன்றடிக்கு ஒன்று, மழைநீர்ப் பீலியும் சேர்த்து என்றார். இவ்வளவும் வாயால். தந்த தாளில் இருந்தது ஒரே வரி: "கலர் சீட் கூரை, பீலி உட்பட முழு வேலை." தடிப்பு இல்லை, இடைவெளி இல்லை, ஒழுகினால் எத்தனை மாதத்துக்கு அவர் பொறுப்பு என்பது இல்லை. வேலை செய்யப் போவது யார் என்பதும் இல்லை. அவருடைய ஆட்கள்தான் வருவார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

தொடங்க 5 இலட்சம் கொடுத்தேன். இரும்புச் சட்டம் ஏறியதும் 3 இலட்சம். மிச்சம் 1 இலட்சத்து 60 ஆயிரம் என் கையில் நின்றது, அதுவும் வங்கிக் கடனின் கடைசிப் பகுதி வரப் பிந்தியதால்தான். பழைய ஓட்டையும் மரத்தையும் "நான் ஏத்திக்கொண்டு போறன், பிறகு கணக்குப் பார்ப்பம்" என்று இரண்டு தடவை லொறியில் கொண்டுபோனார். அந்தக் கணக்கை அவர் இன்றுவரை பார்க்கவில்லை. சீட் தகராற்றை விட, அப்பாவின் முதிரை வளை போனதுதான் அம்மாவுக்குப் பெரிய வலி. மரத்தை அளந்து, விலை பேசி, எழுதி வாங்காமல் ஒரு துண்டைக்கூடக் கேற்றுக்கு வெளியே விடாதீர்கள். இன்றைக்கு முதிரை விற்கிற விலைக்கு, கூரை வேலையில் அவருக்குக் கிடைத்த லாபத்தை விட அந்த லொறியில் கூடப் போயிருக்கும்.

வந்த பிள்ளைகள் கிரான் பக்கத்தவர்கள். சதுர அடிக்கு 150 ரூபாய்க்கு வேலையை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறார். 1 இலட்சத்து 80 ஆயிரம் வர வேண்டும், கொடுத்தது 70 ஆயிரம். மிச்சத்தைக் கேட்டால் "வீட்டுக்காரி காசு தரல்ல" என்று சொல்லியிருக்கிறார். நான் காசு அனுப்பிய வங்கிச் சிட்டைகளைக் காட்டியதும் அந்த மூத்தவர் திண்ணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்களை விட அவர்களுக்குத்தான் பெரிய அடி. பதினெட்டு நாள் வெயிலில் நின்றிருக்கிறார்கள், ஒருவருக்குத் தகரம் வெட்டிக் கையில் தையல் போட்டது, மருந்துச் செலவும் அவர்களுடையதே. அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கூலியில்லாம உங்கள அனுப்பிப்போட்டு இந்தக் கூரைக்குக் கீழ நான் எப்படிப் படுக்கிற, மனே?"

மிச்சக் காசிலிருந்து 1 இலட்சத்து 10 ஆயிரத்தை அவர்களிடமே கொடுத்தேன். யார், எந்த வேலைக்கு, எவ்வளவு என்று எழுதி மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். மறுபடி அந்த நிலை வந்தாலும் இதையேதான் செய்வேன். ஆனால் கொடுக்க முன் முதலாளிக்கு எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். அன்று பின்னேரமே அவர் போன் எடுத்துச் சத்தம் போட்டார்: "யாரைக் கேட்டு அவங்களுக்குக் குடுத்தீங்க? நான் பேசின காசு எனக்கு வரோணும்." சண்டை வேண்டாம், நாளைக்கு ஒழுகினால் இவரைத்தானே கூப்பிட வேண்டும் என்று பயந்து மீதி 50 ஆயிரத்தையும் கொடுத்துவிட்டேன். என் கையில் இருந்த ஒரே பிடி அதோடு போனது.

ஐப்பசியில் இடியோடு பெய்த மழைக்கு அடுப்படிச் சுவரோரம் கசிந்தது. கார்த்திகையில் வாடைக்காற்றோடு அடைமழை தொடங்கியதும் முன் அறை, சாமி அறை, அம்மாவின் கட்டில் எல்லாம் நனைந்தன. முதலாளிக்குப் போன் எடுத்தேன். "அக்கா, ஈரத் தகரத்துல ஏற ஏலா, வழுக்கும். மழை விடட்டும், நானே வாறன்." நியாயமான பேச்சுத்தானே? நானும் நம்பினேன். மழை இரண்டு நாள் விட்டது. மாமி வீட்டுச் சாவு என்றார். பிறகும் விட்டது, ஆள் கிடைக்கவில்லை என்றார். ஒருநாள் "காசு குடுத்தீங்களே, அவங்களையே கூப்பிடுங்க" என்றார். இப்படியே மார்கழி வந்துவிட்டது.

மார்கழியில்தான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தேன். பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் சேவை கிடைத்த 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எங்கள் வேலை முடிந்தது ஆவணிக் கடைசியில். ஒவ்வொரு "மழை விடட்டும்" பேச்சிலும் கரைந்தது அந்த மூன்று மாதம்தான். அவர் இதைத் தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். முதல் ஒழுக்கு விழுந்த கிழமையே படம் எடுத்து, திகதி போட்டு, பதிவுத் தபாலில் அவருக்கும் அனுப்பி, முறைப்பாட்டையும் எழுதிக் கொடுங்கள். சமாதானமாகப் பேசுவதைப் பிறகும் பேசலாம்.

தை பிறந்து வெயில் வந்ததும் அந்தக் கிரான் பிள்ளைகளில் ஒரு தம்பியையே கூப்பிட்டேன். மறுக்காமல் வந்தார். மேலே ஏறி ஒவ்வொன்றாகக் காட்டினார். தன் பிழையையும் மறைக்கவில்லை, அதற்காகவே அவரை மதிக்கிறேன். சீட்டை வாவிப் பக்கமிருந்து தொடங்கிக் கடல் பக்கமாக அடுக்கிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டும். எங்கள் வீட்டில் கடல் பக்கமிருந்து தொடங்கியிருந்தார்கள். வாடைக்காற்று மழையை அள்ளி அந்த விளிம்புக்குள் நேரே தள்ளியது. லொறி அந்தப் பக்கம் சீட்டை இறக்கியதும், ஒரு கிழமையில் முடிக்கச் சொல்லி முதலாளி நெருக்கியதும்தான் காரணம் என்றார். அடுப்படிச் சுவரும் கூரையும் சேரும் இடத்தில், தண்ணீர் உள்ளே இறங்காமல் மறைக்கும் தகர மடிப்புப் போடாமல் சீமெந்தைப் பூசி விட்டிருந்தது. வெயிலில் தகரம் நீண்டு சுருங்க அது வெடித்துவிட்டது. துத்தநாகமும் அலுமினியமும் பூசிய தகரத்தில் பச்சைச் சீமெந்து பட்டாலே அந்தப் பூச்சு அரிக்கும். கிரைண்டரால் வெட்டிய விளிம்பெல்லாம் நாலே மாதத்தில் கறள். கிரைண்டர் சூட்டில் பூச்சு எரிந்துவிடும், வெட்டும்போது தெறித்த இரும்புத் தூளைக் கூட்டி எடுக்காவிட்டால் அது விழுந்த இடமும் கறள் பிடிக்கும். கடற்கரை வீடென்றால் கேட்கவே வேண்டாம். ஸ்க்ரூக்களை அளவுக்கு மிஞ்சி முறுக்கியதில் றப்பர் வொஷர் பிதுங்கிக் கிழிந்திருந்தது. பொக்ஸ் பார் மூன்றடிக்கு அல்ல, நாலடிக்கு ஒன்று. "அப்படித்தான் அடிக்கச் சொன்னவர் அக்கா, பாரும் அவ்வளவுதான் வந்தது."

கடைசியாக, வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைத் தெரிந்த ஹாட்வெயாருக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மைக்ரோமீற்றரால் நாலு இடத்தில் அளந்தார். 0.35. பெயின்ற்றையும் சேர்த்து அவ்வளவுதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், தடவிப் பார்த்தாலும் தெரியாது. சீட் இறங்குகிற அன்றே, ஏற்றுவதற்கு முன், அளக்க வேண்டும். கடைப் பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது கடையின் கடமை. நான் முதலாளியிடம் மூன்று தடவை கேட்டும் வரவில்லை. அப்போதே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும்.

பொலிஸில் இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை என்று சொல்லி மத்தியஸ்த சபைக்கு அனுப்பினார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த சபை அது. எங்களைப் போன்ற சிறிய தொகைப் பிணக்கு என்றால் அதன் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் எடுக்காது. சட்டத்தரணி தேவையில்லை. முதல் தவணைக்கு முதலாளி வரவில்லை. இரண்டாம் தவணையில், தாளில் 0.47 என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என்னைக் காப்பாற்றியது இரண்டு விஷயம். "47 சீட்தான் அக்கா, பயப்படாதீங்க" என்று அவர் அனுப்பியிருந்த குரல் செய்தி அழியாமல் இருந்தது. மற்றது, அந்த மூன்று பிள்ளைகளும் கையெழுத்திட்ட தாள். மூத்தவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து சபையில் சாட்சியும் சொன்னார். கடைசியில் முதலாளி 90 ஆயிரத்தை மூன்று தவணையில் தருவதாக இணங்கினார். 30 ஆயிரம் வந்தது. பிறகு போன் ஓய்ந்துவிட்டது. சபைக்குத் திரும்ப எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முன்பக்கத்துச் சீட் முழுவதையும் கிரான் தம்பி கழற்றி, வாவிப் பக்கமிருந்து திரும்ப அடுக்கி, சுவரோரம் தகர மடிப்பும் போட்டுத் தந்தார். சாமானோடு 38 ஆயிரம். தடிப்பை மாற்ற எங்களிடம் வசதியில்லை. பெரிய காற்று வந்தால் என்ன ஆகுமோ என்று 1978ஐக் கண்ட அம்மா இரவில் விழித்திருக்கிறார்.

யாரிடமாவது கூரை கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முற்பணம் எண்ணுவதற்கு முன் ஏறப் போகிற ஆட்களைக் கண்ணால் பாருங்கள். அவர்களுக்கு என்ன கூலி, எப்போது கொடுக்கிறார் என்று அவர் முன்னாலேயே கேளுங்கள். நேர்மையான கொந்தராத்துக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். பத்தில் ஒரு பங்கையாவது முதல் வாடைமழை முடியும்வரை வைத்துக்கொள்வதாகத் தாளில் எழுதுங்கள். பிணக்கு இன்னும் சபையில் இருப்பதால் அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. நான் இப்போது ஒரு வக்கீலிடம் காட்டி எழுதிய ஒப்பந்தத் தாள் ஒன்று இருக்கிறது, தடிப்பு, இடைவெளி, பழைய மரம், கூலி எல்லாம் சேர்த்து. வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்பிவிடுகிறேன். ஆவணிக்கு முன் கேளுங்கள்.