அபு முத்தொடர் ப்ளூ-ரே: வாங்குமுன் ரீஜனைப் பாருங்கள், போடுமுன் டிவி செட்டிங்கை மாற்றுங்கள்

அபு என்ற பையன் வளர்ந்து ஆளாகும் கதையைச் சொல்லும் சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955), ‘அபராஜிதோ’ (1956), ‘அபூர் சன்சார்’ (1959) மூன்றையும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015இல் ஒரே பெட்டியாக ப்ளூ-ரேயில் கொண்டுவந்தது. படத்துக்கு ஒன்றாக மூன்று டிஸ்க், கூடவே கட்டுரைகள் அடங்கிய சிறு புத்தகம். ரேயின் படங்களில் எதைச் சொந்தமாக வாங்கி வைக்கலாம் என்று யாராவது கேட்டால், இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் இந்தியாவில் விற்ற சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் இது ஓடாது. பெட்டியைப் பிரித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பிரயோஜனம் இல்லை.

ப்ளூ-ரேக்காக உலகத்தை ஏ, பி, சி என்று மூன்று ரீஜனாக, அதாவது வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த ப்ளூ-ரே ரீஜன் ஏ-க்குப் பூட்டப்பட்டது. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. அங்கே வாங்கிய பிளேயரில் நேராக ஓடும். இந்தியாவும் இலங்கையும் சி. பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா, ஆஸ்திரேலியா பி. இந்த இரண்டு வட்டாரங்களில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எல்லா ரீஜனும் ஓடும்படி மாற்றிய பிளேயர். வாங்கும்போது ‘மல்டி ரீஜன்’ என்பது டிவிடிக்கு மட்டுமா, ப்ளூ-ரேக்கும் சேர்த்தா என்று கேட்டு வாங்குங்கள். டிவிடிக்கு மட்டும் திறந்துவிட்டு அதையே மல்டி ரீஜன் என்று விற்பது சகஜம். இன்னொன்று, கணினியில் ப்ளூ-ரே டிரைவ். ப்ளூ-ரே ரீஜனைச் சரிபார்ப்பது டிரைவ் அல்ல, படத்தை ஓட்டும் சாஃப்ட்வேர். அதில் ரீஜனை மாற்ற சில தடவைதான் விடுவார்கள், ஆகவே அடிக்கடி மாற்றக் கூடாது. 4கே பதிப்பும் இருக்கிறது. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டே கிடையாது. 4கே பிளேயரும் டிவியும் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் சுலபம்.

இந்தப் பதிப்புக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது என்பதற்குப் பதில் நெகட்டிவின் கதையில் இருக்கிறது. 1993இல் லண்டனில் ஒரு ஃபிலிம் லேபில் தீப்பிடித்தபோது ரேயின் மூல நெகட்டிவ்கள் அங்கே இருந்தன. கருகி, உருகி, ஒன்றோடொன்று ஒட்டிப்போனவற்றை இனி பிரிண்ட் போட முடியாது என்று தெரிந்தும் ஆஸ்கர் அகாடமியின் ஆவணக்காப்பகம் தூக்கிப் போடாமல் பாதுகாத்தது. சுமார் இருபது வருடம் கழித்து இத்தாலியின் பொலோன்யாவில் உள்ள லிம்மாஜினே ரித்ரொவாத்தா லேபில் அதே சுருள்களை எடுத்து, காய்ந்து சுருண்ட ஃபிலிமுக்கு ஈரப்பதம் ஏற்றி, உருகிய டேப்பையும் பசையையும் மெழுகையும் கையால் நீக்கி, உடைந்த ஓரத் துளைகளை மறுபடி கட்டினார்கள். கைவேலை மட்டுமே ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம். அதற்குப் பிறகுதான் 4கே ஸ்கேன்.

பலன் மூன்று படத்திலும் ஒரே மாதிரி இல்லை. ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதம்தான் மூல நெகட்டிவிலிருந்து கிடைத்தது, ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கும் மேல். ‘அபூர் சன்சார்’ நெகட்டிவில் மிஞ்சிய சுருள்கள் தேறவில்லை. அந்தப் படம் முழுக்க ஃபைன்-கிரெயின் மாஸ்டர், டூப் நெகட்டிவ் என்ற நகல் சுருள்களிலிருந்து வந்தது. அதனால் ‘அபூர் சன்சார்’ கொஞ்சம் மென்மையாகத் தெரிந்தால் டிஸ்க்கையோ டிவியையோ சந்தேகிக்க வேண்டாம். கூர்ந்து பார்த்தால் முதல் படத்திலும் நெகட்டிவ் இருந்த இடம், இல்லாத இடம் பிடிபடும்.

மூன்றில் சிறந்த படம் எது என்ற சண்டை ஓயாது. நம் ஓட்டு ‘அபராஜிதோ’வுக்கு, டிஸ்க்காகவும் அதுதான் முதலிடம். அபுவின் குடும்பம் குடியிருக்கும் காசி வீட்டின் முற்றத்தைக் கவனியுங்கள். அது கல்கத்தா ஸ்டுடியோவில் போட்ட செட். நேரடி விளக்கு போட்டால் நிழல் கெட்டியாக விழுந்து, செட் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணி கட்டி, விளக்கை அதில் அடித்து, திரும்பி வரும் ஒளியில் படம்பிடித்தார். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து வெளிச்சம் இறங்கினால் சுவர் மூலையில் நிழல் எப்படிக் கரையுமோ அப்படியே கரைகிறது. பழைய டிவிடிகளில் அந்தச் சாம்பல் படிகள் எல்லாம் ஒரே கறுப்பாக அடைந்து கிடந்தன. இங்கே கதவிடுக்கு வரை தெரிகிறது. அபுவின் அப்பா ஹரிஹரின் உயிர் பிரியும்போது புறாக்கூட்டம் கிளம்பும் ஷாட்டும் அப்படித்தான், சிறகுகள் தனித்தனியாக நிற்கின்றன.

இதெல்லாம் கண்ணுக்கு வர, டிவியில் சிலவற்றை அணைத்தாக வேண்டும். பிக்சர் மோடை ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ என்று வையுங்கள். மோஷன் ஸ்மூதிங் வேண்டாம், போட்டால் சீரியல் மாதிரி வழுக்கும். ஷார்ப்னஸை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். கலர் டெம்பரேச்சர் ‘வார்ம்’. ‘கூல்’ என்றால் கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பாரிக்கும். பிளேயர் அவுட்புட்டில் 24பி-யை (நொடிக்கு 24 ஃபிரேம்) ஆன் செய்யுங்கள். படத்தின் சட்டகம் 1.37:1, ஆகவே இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. ஜூம் செய்தால் தலையும் காலும் வெட்டுப்படும், இழுத்தால் முகம் பருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நாய்ஸ் ரிடக்‌ஷன். ஃபிலிம் கிரெயினை, அதாவது ஃபிலிமுக்கே உரிய பொடிப்புள்ளிகளை அது அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். ‘அபராஜிதோ’வில் அபுவின் அம்மா சர்பஜயா மகனுக்காகக் காத்திருக்கும் கடைசி இரவில் இருட்டில் மின்மினிகள் வரும். சிறு சிறு ஒளிப்புள்ளிகள், அவ்வளவுதான். நாய்ஸ் ரிடக்‌ஷனை ‘ஹை’யில் வைத்த டிவி அவற்றில் பாதியைத் தின்றுவிடும். சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் முகத்தில் அந்த நேரத்தில் நடப்பது முழுதாகப் புரிய அந்தப் புள்ளிகள் வேண்டும்.

சவுண்ட் மோனோதான், ஒற்றைத் தடம். வர்ச்சுவல் சரவுண்டு எதையும் போடாமல் சென்டர் ஸ்பீக்கரில் கேளுங்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் ஹரிஹர் ஊர் திரும்பி, துர்காவுக்கு வாங்கிய சேலையை எடுத்துக் காட்டுகிறார். மகள் போய்விட்டது அவருக்குத் தெரியாது. சர்பஜயா உடைந்து அழும்போது அழுகுரல் கேட்காது, அந்த இடத்தில் தார்ஷெனாய் என்ற வில் போட்டு வாசிக்கும் தந்திவாத்தியம் உச்சஸ்தாயியில் வரும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் அது கீச்சென்று பிளக்கும்; சுமாரான வெளி ஸ்பீக்கர் இருந்தாலே குரலுக்குக் குரலாக நிற்கும்.

பழைய பிரிட்டிஷ் டிவிடி மலிவாகக் கிடைக்கிறதே என்று போகுமுன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். ‘பதேர் பாஞ்சாலி’ 125 நிமிடம். பிரிட்டனில் வழங்கிய பால் (PAL) டிவி முறை டிவிடியில் 24 ஃபிரேமை 25ஆக ஓட்டுவதால் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். காட்சி எதுவும் வெட்டுப்படவில்லை, வேகம் 4 சதவீதம் கூடியிருக்கிறது. அதைச் சரிக்கட்டாத டிஸ்க்கில் ஸ்ருதியும் கூடவே ஏறும், ரவிசங்கரின் சிதாரைக் கேட்டுப் பழகிய காதுக்கு உடனே உறுத்தும்.

குறை என்றால் சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும்தான். உபரிப் பேட்டிகளில் ‘அபூர் சன்சார்’ ஜோடி சௌமித்ர சாட்டர்ஜியும் ஷர்மிளா தாகூரும் பேசுவதைத் தவறவிடாதீர்கள், ஆனால் மூன்று படத்தையும் பார்த்த பிறகு. முன்னாலேயே பார்த்தால் ‘அபூர் சன்சார்’ கதை உடைந்துவிடும்.

விலை கொஞ்சம் பெரிசு. அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைகளில் வழக்கமாக ஜூலையிலும் நவம்பரிலும் கிரைட்டீரியன் டிஸ்க்குகளுக்குப் பாதி விலைத் தள்ளுபடி போடுவார்கள். அங்கே இருக்கும் உறவினர் யாராவது ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொன்னால் தபால் செலவும் மிச்சம்.